எழுத மறுத்த கை

'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. அம்புக்கு அறிவு இல்லை. அது தானே பறப்பதும் இல்லை. வில்லை வளைத்தவன் ஒருவன். குறி பார்த்தவனும் அவனே. ஆதலின் அம்பின்மேல் சினங்கொள்வது பேதைமை என்று அப்பழமொழி அறிவுறுத்துகிறது. அம்பைப் பொறுத்தவரையில் இது முற்றிலும் உண்மை. ஆனால், மனிதருள் பலர் தம்மையும் அம்பாகவே கருதிக்கொள்ள விரும்புகின்றனர். தவறான செயலொன்றுக்குத் துணைநின்றவனை நோக்கி, 'இதனை ஏன் செய்தாய்?' என்று கேட்டால், 'மேலே உள்ளவர் சொன்னார், செய்தேன்' என்கிறான். 'ஊரில் எல்லாரும் செய்கின்றனர்' என்கிறான் மற்றொருவன். 'சட்டம் தடுக்கவில்லையே' என்பான் மூன்றாமவன். வகுப்பறையிலும் இக்குரல் கேட்பதுண்டு. ஒரு மாணவனைப் பலர் கூடி எள்ளி நகையாடிய பின்னர் ஆசிரியர் வந்து வினவினால், தொடங்கியவன் யார் என்பதுபற்றியே அனைவரும் பேசுவர். சிரித்தவன் எவனும் தன் சிரிப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

ஏவியவன்மீது பழி உண்டு என்பதில் ஐயம் இல்லை. ஏவப்பட்டவனுக்கும் அதில் பங்கு உண்டா? உண்டெனில் எவ்வளவு? அதனை அவன் எவ்வாறு அறிவான்? இவ்வினாக்களைத் தம் வாழ்நாள் முழுதும் தமக்குத் தாமே கேட்டுக்கொண்ட ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் வாழ்ந்தார். அவர் பெயர் ஜான் ஊல்மன். அவர் படை நடத்தியவர் அல்லர். அரசு ஆண்டவரும் அல்லர். கடைக் கணக்கராகத் தொழில் தொடங்கித் தையற்காரராக வாழ்ந்து முடித்தவர்.

ஊல்மன் 1720ஆம் ஆண்டில் நியூ ஜெர்சியில், ராங்கோகஸ் என்னும் சிற்றாற்றை அடுத்து வாழ்ந்த உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அப்பகுதி அக்காலத்தில் ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாக இருந்தது. அவருடைய குடும்பத்தார் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் ஜார்ஜ் பாக்ஸ் என்பவரால் தோன்றிய அப்பிரிவினர், தம்மை 'நண்பர்கள் சங்கத்தார்' என்று அழைத்துக்கொண்டனர். அவர்களுடைய வழிபாடு நமக்குப் புதுமையாகத் தோன்றும். குருமார் இல்லை, பீடம் இல்லை, பாட்டும் இல்லை. எளிய மண்டபம் ஒன்றில் பலகைகளின்மேல் அனைவரும் பேசாது அமர்வர். உள்ளத்தின் ஆழத்திலிருந்து ஒரு சொல் உந்தப்பெற்றால், அவ்வாறு உந்தப்பெற்றவர் எழுந்து நின்று சில சொற்கள் கூறி அமர்வார். உந்தப்பெறாவிடின் அன்றைய வழிபாடு முழுவதும் அமைதியிலேயே கழிந்துவிடும்.

அவ்வமைதிக்கு அடிப்படையாய் அமைந்தது ஒரு நம்பிக்கை. இறைவனின் ஒளி ஒவ்வொருவர் உள்ளத்திலும் உண்டு என்பதே அது. இந்நம்பிக்கையிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. ஒளி என் உள்ளத்திலேயே இருக்குமாயின், எனக்காக மற்றொருவர் அதனைக் கண்டு சொல்லுதல் இயலாது. நானே கண்டாக வேண்டும். ஒளி எல்லார் உள்ளத்திலும் இருக்குமாயின், ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணரப்பட்ட மனிதனின் உள்ளத்திலும் அது இருந்தாக வேண்டும். முதல் முடிவைக் குவேக்கர் விரும்பி ஏற்றனர். இரண்டாவதை அவர்களுள் பெரும்பாலோர் நெடுங்காலம் கண்கொண்டு பார்க்கவில்லை.

அக்காலத்தில் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கரைகளிலிருந்து மக்களை ஏற்றிக்கொண்டு வந்து, மேற்கிந்தியத் தீவுகளிலும் வர்ஜினியா முதலிய குடியேற்றங்களிலும் விற்றன. வாங்கியவனுக்கு அவர்கள் உடைமை. அடிமைத் தாய்க்குப் பிறந்த குழவியும் அடிமையே. தந்தை இறந்தால் நிலமும் எருதும் மைந்தர்களுக்குப் பிரிக்கப்படுவதுபோல அடிமைகளும் பிரிக்கப்பட்டனர். குவேக்கர் இல்லங்களிலும் அடிமைகள் இருந்தனர். 1688ஆம் ஆண்டிலேயே ஜெர்மன்டவுன் என்னும் ஊரைச் சேர்ந்த நால்வர் இதனைக் கண்டித்து ஒரு முறையீடு எழுதித் தம் சங்கத்திற்கு விடுத்தனர். அம்முறையீடு ஒரு கூட்டத்திலிருந்து அடுத்த கூட்டத்திற்கு அனுப்பப்பட்டு, முடிவில் யாராலும் தீர்க்கப்படாமலே நின்றுவிட்டது. இன்னாதவற்றை மேலே அனுப்பிவிட்டு அமைதி கொள்வது எக்காலத்துக்கும் உரிய வழக்கம் போலும்!

ஊல்மனின் இளமையில் நிகழ்ந்த செயல் ஒன்றை அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதி வைத்துள்ளார். சிறுவராய் இருந்தபொழுது அவர் அண்டை வீட்டிற்குச் சென்றுகொண்டிருந்தார். வழியில் ராபின் குருவி ஒன்று தன் கூட்டின்மேல் அமர்ந்திருந்தது. அவர் நெருங்கவே, அது பறந்து எழுந்தது. ஆயினும், கூட்டில் குஞ்சுகள் இருந்தமையால் அகன்று செல்லாமல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. சிறுவர் கல்லெறிந்தார். ஒரு கல் பட்டுக் குருவி செத்து வீழ்ந்தது. முதலில் அவருக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று. குறி தவறவில்லை அன்றோ? சில நிமிடங்களில் அம்மகிழ்ச்சி மறைந்து அச்சம் பற்றியது. தன் குஞ்சுகளைக் காக்க நின்ற தாயை விளையாட்டாகக் கொன்றுவிட்டோம் என்னும் எண்ணம் அவரை வருத்தியது. கூட்டில் உள்ள குஞ்சுகள் இனி இரையின்றி நாள்தோறும் நலிந்து சாகும் என்பதும் நினைவுக்கு வந்தது. அவர் மரத்தில் ஏறினார். குஞ்சுகள் பட்டினியால் துடித்துச் சாவதினும் உடனே இறப்பதே நன்று எனக் கருதி, அவற்றையும் தம் கையாலேயே கொன்றார்.

இந்நிகழ்ச்சி படிப்போர்க்கு இனிமை தருவதன்று. சிறுவர் நூல்களில் வரும் கதையாயின், குஞ்சுகளை வீட்டிற்கு எடுத்துச் சென்று வளர்த்தார் என்று முடிந்திருக்கும். உண்மை அவ்வாறு முடியவில்லை. கல்லெறிந்தது ஒரு நொடி. அந்நொடிக்குப்பின் அவர்முன் இருந்த வழிகள் யாவும் துன்பமான வழிகளே. வீட்டிற்குத் திரும்பி வாளாவிருந்தால், எவரும் அவரைக் கேட்டிருக்கமாட்டார். தாம் தொடங்கியதன் முடிவுவரையில் தாமே சென்று பார்க்க வேண்டும் என்று அச்சிறுவர் உணர்ந்தது ஒன்றே இங்கு நாம் குறித்துக்கொள்ளத்தக்கது.

இருபத்தொரு வயதில் ஊல்மன், மவுண்ட் ஹோலி என்னும் ஊரில் ஒரு வணிகரின் கடையில் வேலைக்கு அமர்ந்தார். கணக்கெழுதுவதும் சரக்கு விற்பதும் அவர் பணிகள். ஒரு நாள் அவ்வணிகர், தமக்கு அடிமையாக இருந்த கறுப்பினப் பெண் ஒருத்தியை விற்றுவிட்டார். வாங்கியவர் பக்கத்தில் காத்திருந்தார். உடனே கிரயப் பத்திரம் எழுதித் தருமாறு வணிகர் ஊல்மனைப் பணித்தார்.

முன்னறிவிப்பு இன்றி வந்த பணி அது. ஊல்மன் உள்ளம் திடுக்கிட்டது. தம்மைப் போன்ற ஒரு மனித உயிரை மற்றொருவர்க்கு உடைமையாக்கும் பத்திரத்தை எழுதுவதா என்று நெஞ்சம் தடுத்தது. ஆயின், மூன்று எண்ணங்கள் அத்தடையை எதிர்த்து எழுந்தன. தாம் ஓராண்டு ஊதியத்திற்கு ஒப்புக்கொண்ட ஊழியர் என்பது ஒன்று. சொன்னவர் தம் முதலாளி என்பது மற்றொன்று. வாங்குபவர் தம் சங்கத்தையே சேர்ந்த முதியவர், மதிக்கத்தக்கவர் என்பது மூன்றாவது. கடமை, கட்டளை, பெரியோர் வழக்கம் என்னும் மூன்றும் ஒருங்கே ஒரு பக்கம் நின்றன. ஊல்மன் பத்திரத்தை எழுதிவிட்டார்.

எழுதிய கை ஓய்ந்தபொழுது அவர் உள்ளம் ஓயவில்லை. அடிமை வைத்திருத்தல் கிறித்தவ நெறியோடு பொருந்தாத செயல் என்று தாம் நம்புவதாக, முதலாளியும் முதியவரும் கேட்க அவ்விடத்திலேயே கூறினார். ஊதியம் பெறும் இளைஞர் ஒருவர் அவ்வாறு கூறுதல் எளிதன்று. அவ்வாறு சொன்னதால் மனச்சுமை ஓரளவு குறைந்தது. எனினும், பிற்காலத்தில் அதனை நினைக்குந்தோறும், தம்மால் எழுத இயலாது என்று விடைகேட்டிருப்பின் தம் நெஞ்சம் இன்னும் தெளிவாக இருந்திருக்கும் என்றே அவர் எண்ணினார். அப்பெண்ணின் பெயரை அவர் தம் குறிப்பில் எழுதவில்லை. அவள் அன்று எவருடன் எங்குச் சென்றாள், என்ன ஆனாள் என்பவற்றையும் அக்குறிப்பிலிருந்து நாம் அறிய முடியவில்லை. பத்திரம் எழுதியவருடைய துயரம் நூலில் நிலைத்தது. விற்கப்பட்டவளின் துயரம் நிலைக்கவில்லை. இதனை நாம் மறத்தல் ஆகாது.

மனச்சான்று என்பது செயல் நிகழும் நொடியில் குரல் கொடுக்கும். ஆனால், அந்நொடியில் வேறு குரல்களும் உடன் ஒலிக்கும். முதலாளியின் குரல் உரத்தது. வழக்கத்தின் குரல் அதனினும் உரத்தது. சந்தை நடுவே நின்று புல்லாங்குழல் கேட்பது எளிதாகுமா? அதனாலேயே ஆன்றோர் பலர் தனித்திருந்து எண்ணும் பழக்கத்தை ஆன்மிக வாழ்வின் முதற்படியாக வைத்தனர். ஊல்மனுக்கு அவ்விடத்தை அளித்தது குவேக்கர் மன்றத்தின் அமைதி. அங்கே அவர் அமர்ந்தபொழுது முதலாளி பக்கத்தில் இல்லை, வாங்குபவர் காத்திருக்கவில்லை, விரைவும் இல்லை. அன்று தம்மைக் காத்த மூன்று காரணங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்க்க அங்கே இடம் இருந்தது.

அவ்வாறு நிறுத்தால் விளைவது என்ன? முதலாளிக்கு அவர் விற்றது தம் உழைப்பை. தம் நெஞ்சை விற்கவில்லை. கட்டளை இட்டவர் முதலாளியேயானாலும், இறகுகோலைப் பிடித்தவை தம் விரல்களே. முதியவர் நல்லவர் என்பது உண்மையாகலாம். நல்லவர் செய்கிறார் என்பதால் தீயது நல்லதாகிவிடாது. இவ்வாறு காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்த பின்னர் எஞ்சி நிற்பது ஒன்றே: நான் செய்தேன் என்பது. அதனைச் சொல்லிக்கொள்ள மனிதர் மிகவும் அஞ்சுகின்றனர். அச்சத்தால் சிலர் எண்ணிப் பார்ப்பதையே விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் இரவெல்லாம் வருந்தி அழுது, அவ்வழுகையையே கழுவாயாகக் கருதி, விடிந்ததும் முன்செய்ததையே மீண்டும் செய்கின்றனர். வருந்துதல் வேறு, தன்னை ஆராய்தல் வேறு. மறுமுறை அதே பணி வரும்பொழுது கை என்ன செய்கிறது என்பதில்தான் வேறுபாடு விளங்கும்.

ஊல்மனுக்கு அம்மறுமுறை விரைவிலேயே வந்தது. சங்கத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், ஓர் அடிமையைத் தமக்கு உரிமையாக்கும் பத்திரம் எழுதித் தருமாறு வேண்டினார். ஊல்மன் மறுத்தார். தம் சங்கத்தார் பலர் அடிமைகளை வைத்திருப்பினும், அது முறையென்று தமக்குத் தோன்றவில்லை என்று அன்போடு கூறினார். இளைஞரோ, தமக்கும் அவ்வழக்கத்தில் முழு உடன்பாடு இல்லையென்றும், தம் மனைவிக்கு அந்த அடிமை கொடையாக வந்தமையால் ஏற்றுக்கொள்ள நேர்ந்ததென்றும் விடை கூறினார். இருவரும் மனக்கசப்பின்றிப் பிரிந்தனர்.

பின்னர் ஊல்மன் தம் ஊரில் உயிலும் பத்திரமும் எழுதித் தருபவராக விளங்கினார். எழுதுவதில் நல்ல வருவாய் உண்டு. மேலும், மதிப்புடைய அண்டை அயலார் மனம் நோகும்படி நடப்பது அவர் இயல்புக்கு ஒவ்வாதது. இரண்டையும் அவர் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். அவ்விரண்டையும் இழக்க வேண்டிய நாள்கள் அடுத்தடுத்து வந்தன. முதியவர் ஒருவர் உயில் எழுத வந்தார். அவருக்கு இளவயதுக் கறுப்பின அடிமைகள் இருந்தனர். அவர்களைத் தம் மகனுக்கு விட்டுச்செல்ல எண்ணியிருந்தார். ஊல்மன் அவரைத் தனியே அழைத்து, அவ்வாறு எழுதினால் தம் உள்ளத்தின் அமைதி குலையும் என்று பணிவுடன் தெரிவித்தார். முதியவர் சினங்கொள்ளவில்லை, வேறொருவரைக்கொண்டு எழுதிக்கொண்டார். சில ஆண்டுகள் சென்றன. குடும்ப நிலை மாறவே, அவர் மீண்டும் ஊல்மனிடம் வந்தார். முன்பு தீய வழியில் நடந்த தம் மகன் இப்பொழுது திருந்திவிட்டான். ஆதலால் ஊல்மன் இனித் தடைசொல்லமாட்டார் என்று அவர் நினைத்திருந்தார்! தம் மறுப்பு மகனின் ஒழுக்கத்தைப் பற்றியதாக அவர் கருதியதை அறிந்த ஊல்மன், நீண்ட நேரம் நட்போடு பேசினார். அன்று ஒன்றும் முடிவாகவில்லை. சில நாள்கள் கழித்து முதியவர் மூன்றாம் முறை வந்தார். அடிமைகளுக்கு விடுதலை தருமாறு உயிலை எழுதச் சொன்னார். அவ்வுயிலை ஊல்மன் எழுதினார்.

மற்றொரு நாள், அண்டை வீட்டார் ஒருவர் அடிபட்டுப் படுத்திருந்தார். அக்கால மருத்துவ முறைப்படி இரத்தம் வடிக்க ஊல்மனை அழைத்தனர். அது முடிந்ததும், நோயாளி தம் உயிலை எழுதுமாறு கேட்டார். அவருக்கு ஓர் அடிமைச் சிறுமி இருந்தாள். எந்தப் பிள்ளைக்கு அவள் உரியவள் என்பதும் உயிலில் சேர வேண்டியது. நோயாளியின் வலியோ மிகுதி. அவர் பிழைப்பாரா என்பது தெரியாது. அந்நிலையில் அவரோடு வாதாடுவது இரக்கமன்று. அவர் சொன்னபடி எழுதுவதோ அறமன்று. ஊல்மன் உயில் முழுவதையும் எழுதினார். அச்சிறுமியைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிட்டார். படுக்கையருகே சென்று படித்துக் காட்டினார். தம் உடன்பிறப்பைப் போன்றோரை அடிமையாக்கும் எழுத்தைத் தம்மால் எழுத இயலாது என்று மெல்லக் கூறினார். எழுதியவற்றுக்குக் கூலி வேண்டா என்றார். இருவரும் அதுபற்றி உள்ளம் திறந்து பேசினர். முடிவில் நோயாளி அவளை விடுவிக்க இசைந்தார். உயில் நிறைவு பெற்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஊல்மன் பிறரைப் பழிக்கவில்லை என்பதைக் காண்க. தம் கையைப் பற்றியே அவர் பேசினார். அதனாலேயே எதிரில் இருந்தவர் தம் கையைப் பற்றி எண்ண நேர்ந்தது.

அவர் தன்னாய்வு உயிலோடும் பத்திரத்தோடும் நிற்கவில்லை. சொந்தமாக நடத்திய கடை வளர்ந்துகொண்டே வந்தது. வளர்ச்சி மிகுந்தபொழுது அதுவே சுமையாகத் தோன்றியது. 1756ஆம் ஆண்டளவில் வணிகத்தைக் கைவிட்டுத் தையல் தொழிலையும் ஆப்பிள் நாற்றுத்தோட்டத்தையும் மட்டும் வைத்துக்கொண்டார். வாடிக்கையாளரை வேறு கடைக்குப் போகச் சொல்லும் வணிகரை உலகில் எத்தனை பேர் கண்டிருப்பர்! தென்பகுதிக் குடியேற்றங்களுக்கு அவர் சமயப் பயணம் செய்தபோது, அடிமை முதலாளிகள் அவரை அன்போடு வரவேற்று உணவும் உறையுளும் அளித்தனர். அவ்விருந்தின் உழைப்பு யாருடையது என்று அவர் எண்ணினார். 1757ஆம் ஆண்டுப் பயணத்தில் சிறு வெள்ளிக் காசுகளை மாற்றி எடுத்துக்கொண்டு சென்றார். விடைபெறும்பொழுது, பணிசெய்த அடிமைகளுக்குக் கொடுக்குமாறு விருந்தளித்தோரிடம் காசு தந்தார். சில இடங்களில் அவர்கள் கையிலேயே கொடுத்தார். செல்வர் வீட்டில் உண்டபின் காசு நீட்டுதல் எத்துணைக் கூச்சம் தருவது என்பதை விருந்தோம்பல் அறிந்த நாம் நன்கு உணரலாம். ஆயினும், சினங்கொண்டவர் மிகச் சிலரே என்று அவர் குறிக்கிறார்.

சாயம் தோய்த்த ஆடைகளையும் அவர் விட்டார். சாயம் அழுக்கை மறைக்கும். துணியின் உழைப்பையும் குறைக்கும் என்பது அவர் கருத்து. ஆனால், உள்ள ஆடைகளை உடனே எறியவில்லை. அவை கந்தையாகும்வரை உடுத்தினார். சாயமிடாத விலங்குமயிர்த் தொப்பி ஒன்றை அவர் அணிந்தபொழுது ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. அக்காலத்தில் வெண்ணிறத் தொப்பி அணிவது சிலரிடையே புதுநாகரிகமாக இருந்தது. ஊல்மனும் நாகரிகத்தின் பின்னே போய்விட்டார் என எண்ணிச் சில நண்பர்கள் அவரிடமிருந்து ஒதுங்கினர்!

அடிமைகளின் உழைப்பால் விளைந்த சர்க்கரையையும் அவர் உண்ணவில்லை. இவ்வளவும் வேண்டுமா என்று கேட்பாரும் உளர். ஒருவர் சர்க்கரை உண்ணாமையால் ஒரு கப்பலும் துறைமுகத்தில் நிற்கவில்லை என்பது மெய்யே. எல்லாரும் அவரைப்போல் தொப்பிவரையில் ஆராய வேண்டும் என்று இங்குச் சொல்லவும் இல்லை. சிலவற்றில் அவர் அளவு கடந்தார் என்று கருதுவோர் கருதலாம். ஆயின், கப்பல் நிற்குமா என்பது அவர் கேட்ட வினா அன்று. அக்கப்பலை ஓட்டும் காசில் தம் காசு எவ்வளவு என்பதே அவர் கேட்டது. அவர் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், 1791ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் மிகப் பலர் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையை வாங்க மறுத்தனர் என்பதையும் வரலாறு காட்டுகிறது.

அடிமை முறையைக் கண்டித்து அவர் எழுதிய முதல் நூல் 1754இல் அச்சாயிற்று. அதன் இரண்டாம் பகுதி 1762இல் வெளிவந்தது. அதனைச் சங்கத்தின் பொதுப் பணத்தில் அச்சிடலாம் என்று பெரியோர் கூறினர். அடிமைகளை உடையவர் கொடுத்த பணமும் அதில் கலந்திருக்கும் என்பதால், அவர் தம் செலவிலேயே அச்சிட்டார். 1758இல் பிலடெல்பியா நகரில் கூடிய ஆண்டுப் பேரவையில் இப்பொருள் ஆராயப்பட்டது. காலம் கனியட்டும் என்று சிலர் கூறினர். ஊல்மன் எழுந்து, ஒடுக்கப்பட்டோரின் முறையீடு இறைவன் செவியை எட்டியிருக்கையில், தந்நலமும் நட்பும் கருதிக் கடமையைத் தள்ளிப்போடுதல் ஆகாது என்னும் கருத்தை எடுத்துரைத்தார். அடிமைகளை வைத்திருக்கும் உறுப்பினர்களின் இல்லங்களுக்குச் சென்று பேச ஒரு குழு அமைக்கப்பட்டது. அக்குழுவில் அவரும் ஒருவர். வீடு வீடாகச் செல்லும் அப்பணி மேடைப் பேச்சினும் கடினமானது.

பிறருடைய அடிமைகளைப் பற்றிப் பேசிவந்த ஊல்மனின் நெஞ்சில் தம் சொந்தக் கணக்கு ஒன்றும் தீராமல் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒருவருடைய உயிலை நிறைவேற்றும் பொறுப்பு அவரிடமும் வேறொருவரிடமும் ஒப்படைக்கப்பட்டது. இறந்தவரின் உடைமைகளுள் ஒரு கறுப்பினச் சிறுவனும் அடங்கினான். முப்பது வயது முடியும்வரை பணிசெய்ய வேண்டும் என்னும் கட்டுப்பாட்டோடு அச்சிறுவனை இருவரும் விற்று, பணத்தைச் சொத்துக் கணக்கில் சேர்த்தனர். சட்டப்படி அதில் குற்றம் எதுவும் இல்லை. காசில் ஒன்றும் ஊல்மன் பைக்குள் போகவும் இல்லை. எனினும், மன்றத்தின் அமைதியில் அமரும்பொழுது சில வேளைகளில் அச்சிறுவனின் நினைவு வந்தது. நிறமும் குலமும் பாராத இறைவன் திருமுன் இது தெளிவாகவில்லை என்று உள்ளம் உணர்த்தியது. ஈடுசெய்ய வேண்டும் என்பது புலனாயிற்று. எவ்வாறு என்பது நெடுநாள் புலனாகவில்லை.

1769ஆம் ஆண்டளவில் வழி தோன்றியது. வெள்ளை இனத்துச் சிறுவன் ஒருவன் பிறரிடம் பணிக்கு விடப்பட்டால், இருபத்தொரு வயதில் அவன் கட்டு நீங்கும். முப்பதுவரை என்பது ஒன்பது ஆண்டு மிகுதி. பொறுப்பேற்றவர் இருவருள் தாம் ஒருவர். ஒன்பதில் பாதி நாலரை. அவ்வடிமை இளைஞனின் கடைசி நாலரை ஆண்டுப் பணிக்கு நடுநிலையாளர் மதிக்கும் தொகையைத் தாமோ தம் உரிமையாளரோ கொடுப்பதாக, வாங்கியவர் பெயருக்கு ஊல்மன் ஒரு முறிச்சீட்டு எழுதிக் கையொப்பமிட்டார். இளமையில் முதலாளிக்காகக் கிரயப் பத்திரம் எழுதிய அதே கை, இப்பொழுது தம்மையே கடனாளியாக்கி எழுதியது.

1772ஆம் ஆண்டில் ஊல்மன் இங்கிலாந்து சென்றார். கப்பலின் மேலறைகளில் வீண் செதுக்கு வேலைகள் மிகுந்திருந்தமையால், மாலுமிகள் வாழும் கீழ்த்தட்டிலேயே பயணம் செய்தார். அங்கே மாலுமிச் சிறுவர்கள் படும் பாட்டையும் கண்டார். இங்கிலாந்தில் விரைவு வண்டிகளின் குதிரைகள் ஓடி ஓடிக் குருடாவதையும் மடிவதையும், அஞ்சல் ஏந்திச் செல்லும் சிறுவர் குளிர்கால இரவுகளில் உறைந்து இறப்பதையும் கேள்வியுற்றார். ஆகவே வண்டி ஏறாமல் இலண்டனிலிருந்து வடக்கு நோக்கி நடந்தே சென்றார். அஞ்சலில் தமக்குக் கடிதம் அனுப்ப வேண்டா என்றும் நண்பர்களைக் கேட்டுக்கொண்டார். யார்க் நகரை அடைந்தபொழுது பெரியம்மை கண்டது. அக்டோபர் 7ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார், வயது ஐம்பத்தொன்று.

அவருடைய வாழ்க்கைக் குறிப்பு 1774இல் அச்சிடப்பட்டது. 1776இல் பிலடெல்பியா ஆண்டுப் பேரவை, அடிமைகளை விடுவிக்க மறுப்பவர் சங்கத்தில் உறுப்பினராக இருத்தல் இயலாது என்று முடிவு செய்தது. உறுப்பினர் குழுக்கள் மீண்டும் வீடு வீடாகச் சென்றன. அவ்வீடுகளில் விடுதலைப் பத்திரங்கள் எழுதப்பட்டன. அவற்றில் விடுவிக்கப்பட்டோரின் பெயர்களும் இடம்பெற்றன.